குணேஸ்வரியின் குடை

புதன்கிழமை காலை எட்டரை மணிக்குக் கனகம்மா ஒரு கறுப்புக் குடையைக் கொண்டுவந்து சட்டத்தரணி கமலாதேவியின் மேசைமேல் வைத்தாள். வைத்துவிட்டு உட்காரவும் இல்லை, அழவும் இல்லை. புல்மோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். மூன்று சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்து ஏறியதில் சேலைக் கரையெல்லாம் புழுதி.

"தங்கச்சியிட குடை பிள்ளை. கொண்டு போகேக்குள்ள எடுக்க விடேல்ல. வெயில் பட்டா அவளுக்குத் தலையிடி வரும். இதைக் குடுத்துவிட ஏலுமோ?"

கமலாதேவிக்குச் சுறுக்கென்று எரிச்சல் வந்தது. மின்சாரம் இல்லை, மின்விசிறி சுற்றவில்லை, கச்சான் காற்று யன்னல் வழியே அடுப்பு வாயைத் திறந்துவிட்டதுபோல் வீசிக்கொண்டிருந்தது. அடைத்து வைத்திருக்கும் பெண்ணுக்கு வெயில் எங்கிருந்து வரும்? கடிதம், அடையாள அட்டைப் பிரதி, ஏதாவது ஒரு கடதாசி கொண்டுவந்திருக்கலாம். இந்த மனுசி குடையைக் கொண்டுவந்திருக்கிறாள்.

அந்த எரிச்சல் கனகம்மாமீது இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் குரலைத் தணிக்க முடிவதில்லை என்பதில் இன்னொரு எரிச்சல்.

குணேஸ்வரியின் விஷயம் நேற்றே அவள் காதுக்கு எட்டியிருந்தது. கடல் வந்து ஊரை அள்ளிப்போய் ஒன்பது மாதமாகிறது. புல்மோட்டைக் கரையோர முகாமில் மருந்தறையைப் பார்த்துக்கொள்பவள் கனகம்மாவின் தங்கை குணேஸ்வரி. சமாதான ஒப்பந்தம் கடதாசியில் இருந்தது. அவசரகாலச் சட்டம் ஆவணியில் திரும்பவும் வந்திருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில், போன வியாழக்கிழமை, இன்சுலினும் ஏற்புவலி ஊசிமருந்தும் அடங்கிய ஒரு பெட்டி காணாமல் போனது. தங்கள் ஹெலிகொப்டரில் கொண்டுபோய்க் குணேஸ்வரி கையில் கொடுத்ததாக நிவாரண அமையம் சொன்னது. முகாமில் பெட்டி இல்லை. காயம்பட்டவனுக்குப் போடுகிற மருந்து என்றதும், பெட்டி காட்டிலிருக்கும் இயக்கத்துக்குத்தான் போயிருக்கும் என்று கதை கட்டிவிட்டார்கள். திங்களன்று அவளைப் பிடித்துவந்தார்கள். இன்று மாலை ஐந்து மணிக்கு மேல் விசாரணைக்குக் கொழும்புக்கு ஏற்றுகிறார்கள்.

கொழும்பு என்ற சொல்லைத்தான் கமலாதேவியால் தாங்க முடியவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் இதேபோல் ஒரு கட்சிக்காரனுக்காக, ஒரு முத்திரைக்காக அரசாங்கக் கச்சேரிக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினாள். அவனை வைத்திருந்த அறை வெறுமையாக இருந்தது; கொழும்புக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். பதினான்கு மாதம் கழித்து வந்தவன் அவளை அடையாளம் காணவில்லை. அன்றிலிருந்துதான் அவள் எல்லோர்மீதும் எரிந்து விழுகிறாள். பயத்தைவிடக் கோபத்தைச் சுமப்பது லேசு.

அவள் தொலைபேசியை எடுத்தாள். "றம்லா, உடனே வா. ஹெலிகொப்டர் விஷயம். எனக்கு ஒரு இழவும் விளங்கேல்ல."

*

றம்லா உடனே வரவில்லை. வழக்கம்போல் முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள். சீனக்குடா விமானத் தளத்தின் வானிலை அறையில் இருபத்திரண்டு வருடமாகக் காற்றையும் முகிலையும் குறித்துவருபவள் அவள். பறக்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் அவளிடம்தான் வந்து காற்றுக் கேட்பார்கள்.

"வியாழன் எனக்கு லீவு புள்ள," என்று உட்காரும்போதே சொன்னாள். "ஆர் ஏறினது, ஆர் இறங்கினது எண்டு என்னட்டக் கேக்காத. தேத்தண்ணி இருக்கா?"

"அஞ்சு மணிக்கு வாகனம் வெளிக்கிடுது. நீ தேத்தண்ணி கேக்கிறாய்."

"தேத்தண்ணி குடிச்சாலும் அஞ்சு மணி அஞ்சு மணிக்குத்தான் வரும்."

கமலாதேவி வாக்குமூலப் பிரதியை அவள் முன்னால் எறியாத குறையாக வைத்தாள். நிவாரண அமையத்தின் போக்குவரத்துப் பொறுப்பாளர் பாக்கியரத்தினம் கொடுத்தது. றம்லா அதை விரலால் தொட்டுத் தொட்டு மூன்று தரம் வாசித்தாள்.

"வியாழன் காலை 9.55க்குச் சீனக்குடாவிலிருந்து புறப்பட்டோம். விமானிக்கு வலப்பக்க ஆசனத்தில் நான் இருந்தேன். மருந்துப் பெட்டி என் மடியில் இருந்தது. கடலுக்கு மேலே நேராகப் பறக்கையில், நேரத்தை மிச்சம் பிடிக்க, விமானி ஒப்படைப்புப் பத்திரத்தைத் தொடையில் வைத்துக் கையெழுத்திட்டார். 10.20க்கு முகாமின் முன் மணல்வெளியில் இறங்கினோம். இறங்கும்போதே குணேஸ்வரி தனது கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தபடி இருபது அடி தூரத்தில் காத்து நின்றார். இயந்திரம் நிறுத்தப்படவில்லை. பெட்டியைப் பெற்றுக் காலடியில் வைத்து, ஒரு கையில் குடையும் மறு கையில் பேனையுமாகக் கையெழுத்திட்டார். ஐந்து நிமிடத்தில் திரும்பினோம்."

"விமானியைக் கேட்டா முடிஞ்சுது," என்றாள் றம்லா.

"வெள்ளைக்காரன். ஒப்பந்தம் முடிஞ்சு சனிக்கிழமை நாட்டை விட்டுப் போட்டான். மின்னஞ்சலுக்குப் பதில் இல்ல. ஹெலி மேலால போனதை முகாமில எல்லாரும் கண்டவையாம், இறங்கேல்லையாம். ஆனா முகாம் சனம் அவவிட ஆக்களாம், அவையின்ட கதையை எடுக்க ஏலாதாம். பத்திரத்தில இருக்கிற கையெழுத்து தன்ரை இல்ல எண்டு குணேஸ்வரி அக்கா சொல்றா. மாதாமாதம் அவ கையெழுத்துப் போட்ட பத்திரம் அந்தக் கந்தோரில கட்டுக்கட்டாக் கிடக்கு. பாத்து எழுத எவ்வளவு நேரம்? தளத்து வாசல் புத்தகத்தில பாக்கியரத்தினம் உள்ள போனது இருக்கு. ஏறினாரோ இல்லையோ, அது எந்தப் புத்தகத்திலயும் இல்ல."

றம்லா குடையை எடுத்து விரித்தாள். துணி நைந்து வெளிச்சம் தெரிந்தது. ஒரு கம்பியை நீல நிற வலைநூலால் இழுத்துக் கட்டியிருந்தது.

"இது எப்ப கட்டின முடிச்சு?"

"சித்திரையில," என்றாள் கனகம்மா. "நான்தான் கட்டினனான். அவளுக்கு வேற குடை இல்ல. முகாமில அந்தக் குடையைப் பாத்துத்தான் அவளைத் தெரியும்."

"அதுக்குப் பிறகு உடையேல்லையோ?"

"உடைஞ்சிருந்தா என்னட்டத்தானே கொண்டுவருவாள்?"

றம்லா குடையை மிகக் கவனமாக மடக்கிக் கட்டினாள். ஏதோ பிடிபட்டுவிட்டது என்று கமலாதேவிக்குத் தெரிந்தது. அதை இப்போது சொல்லமாட்டாள் என்பதும் தெரிந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கின் விடையைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே முகம்.

*

நிவாரண அமையத்தின் கந்தோர் துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் இருந்தது. பாக்கியரத்தினம் ஐம்பது வயதுக்காரர், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. சட்டைப் பையின்மேல் பித்தளையில் ஒரு சோடிச் சிறகு மினுங்கியது. சுவரில் ஒரு சின்ன விமானத்தின் இறக்கையில் கைவைத்தபடி இளவயதில் எடுத்த படம்.

"நீங்கள் பைலட்டோ?" என்றாள் றம்லா, வாயெல்லாம் சிரிப்பாக.

"ரத்மலானையில படிச்சனான் மிஸ். பிறகு நாட்டு நிலைமை விடேல்ல." அவர் கதிரைகளை இழுத்துப் போட்டார். "குணேஸ்வரி விஷயம் எனக்கும் கவலைதான். நான் நடந்ததைத்தான் சொன்னனான். அவ்வளவுதான்."

"விமானம் ஓட்டப் படிச்ச ஆளுக்கு ஹெலி கஷ்டமா இருக்குமோ?"

"பறக்கிறது எண்டா எல்லாம் ஒண்டுதான். மேல ஏறி நேராக்கி விட்டா விமானிக்குச் சும்மா இருக்கிறதுதான் வேலை. ஹெலி இன்னும் லேசு, ஓடுபாதைகூடத் தேவையில்ல."

கமலாதேவி மணிக்கூட்டைப் பார்த்தாள். பன்னிரண்டே கால். இவள் ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அண்டைக்கு நல்ல வெயில். பாவம், குணேஸ்வரி அக்காவுக்கு வெயில் ஏலாது," என்றாள் றம்லா.

"அதுதானே மிஸ். குடையை மடக்கவே இல்ல. விரிச்ச குடையோடதான் எல்லாம்."

"இறங்கேக்குள்ள காத்து அடிச்சிருக்குமே?"

"காத்துப் பின்னுக்குத்தானே போகும்," என்றார் அவர், தெரியாதவருக்குச் சொல்லும் பொறுமையோடு. "அவ முன்பக்கமா நிண்டவ."

"ஓம், ஓம்." றம்லா எழுந்தாள். வாசலில் நின்று திரும்பினாள். "ஆசுபத்திரிக் களஞ்சியத்தில பெட்டியைச் செவ்வாய்க்கிழமை எடுத்ததாப் பத்திரத்தில கிடக்கு. வியாழன் வரைக்கும் எங்க வச்சனீங்கள்?"

"இஞ்சதான். எங்கட பிரிஜ்ஜில." பதில் சட்டென்று வந்தது. பிறகு அவர் கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

மூலையில் இருந்த குளிர்சாதனப் பெட்டி நாலைந்து பால் தகரப்பேணி அடுக்குகிற அளவுதான். மேலே பூச்சாடி, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே தண்ணீர்ப் போத்தல்கள். மடியில் வைத்துக் கொண்டுபோகிற மருந்துப் பெட்டி அதற்குள் நுழையாது. அதை மட்டும் கமலாதேவியும் கண்டாள். கண்டதை வெளியே வந்ததும் சொன்னாள்.

"கண்டியே? பொய் சொல்றார். இதைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிட்டச் சொல்லுவம்."

"சொன்னா, பூச்சாடியை எடுத்துட்டுப் பெரிய பிரிஜ் வாங்கி வச்சிடுவார். அவர் சொன்னதாலயே அவரைப் பிடிக்கோணும் புள்ள."

"எப்ப? அஞ்சரைக்கோ?"

"மூண்டுக்கு. புதன்கிழமையில மட்டக்களப்பால ஒரு ஹெலி மூண்டு மணிக்கு வரும். அமையத்தின்ட புது ஹெலி, பழையதின்ட அதே வகை. இன்ஸ்பெக்டரைக் கூட்டி வா. பாக்கியரத்தினத்தையும். ஏலுமெண்டா குணேஸ்வரி அக்காவையும்."

"ஏலுமெண்டாவோ?" கமலாதேவி கைப்பையை வெடுக்கென்று தோளில் மாட்டினாள். "நான் என்ன, கலியாணத்துக்கா கூப்பிடப் போறன்?"

*

குணேஸ்வரியைப் பிடித்துவைத்திருந்த இன்ஸ்பெக்டர் ஸஹாப்தீன் தொலைபேசியில் மூன்று தரம் ஏலாது என்றார். நாலாம் தரம் கமலாதேவி கத்தவில்லை. "சேர், ஒரு பத்து நிமிஷம். பிழையாப் போனா நானே வாகனத்துக் கதவைத் திறந்து விடுறன்," என்றாள். தன் குரல் அப்படி வெறுமையாக வந்தது அவளுக்கே திகிலாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். சரி என்றார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, தளத்தின் கம்பிவேலியோரம் எல்லோரும் நின்றார்கள். வேலிக்கு அப்பால் ஐம்பது அடியில் வெள்ளை வட்டம் போட்ட சீமெந்துத் தரை. குணேஸ்வரி ஒரு பெண் பொலிஸின் பக்கத்தில், கண்ணைச் சுருக்கி, கையை நெற்றியில் வைத்து நின்றாள். மூன்று நாள் தலை வாரவில்லை. கனகம்மாவைக் கண்டதும், "சீனி வருத்தக்காரருக்கு மருந்து வந்துதோ?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியே அவள் குற்றமற்றவள் என்று சொன்னது கமலாதேவிக்கு. அதை எழுதி நீட்டினால் எந்த நீதிமன்றம் வாங்கும் என்று நினைக்க ஆத்திரமாக வந்தது.

"சொல்லுங்க," என்றார் ஸஹாப்தீன். "எனக்கு வேலை கிடக்கு."

றம்லா அவசரப்படவில்லை. "சேர், என்ட அறைக்கு ரெண்டு விதமான ஆக்கள் வருவாங்க. விமானக்காரன், ஓடுபாதைக்குக் குறுக்கால காத்து எவ்வளவு எண்டு கேப்பான். ஹெலிக்காரன், காத்து விட்டு விட்டு அடிக்குதோ, ஒரே சீரா அடிக்குதோ எண்டு கேப்பான். ஏன்? விமானம் ஓடுற சைக்கிள் மாதிரி. நேரா ஓடினாக் கையை விட்டாலும் கொஞ்சத் தூரம் போகும். ஹெலி, உள்ளங்கையில நிமித்தி வச்ச, கூட்டுற தும்புத்தடி மாதிரி. ஒவ்வொரு கணமும் கை அசையோணும். வலக்கை நடுத்தடியில, இடக்கை பக்கத்துத் தடியில, ரெண்டு காலும் மிதியில. நாலுக்கும் வேலை."

"அதுக்கு?"

"இந்தச் சின்ன ஹெலியில தானாப் பறக்கிற யந்திரம் இல்ல. விமானி தொடையில வச்சுக் கையெழுத்துப் போட்டாராம். நடுத்தடியை இடக்கைக்கு மாத்திப்போட்டுக் கிறுக்கலாம், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா பத்திரத்தில இருக்கிற எழுத்தைப் பாருங்க. ஒரு நடுக்கமும் இல்ல, மேசையில எழுதினது."

ஸஹாப்தீன் கோப்பைத் திறந்து பார்த்தார். "இதை வச்சு ஒண்டும் செய்ய ஏலாது."

"ஓம் சேர். ரெண்டாவது, இவர் விமானிக்கு வலப்பக்கம் இருந்தாராம். விமானத்தில தலைமை விமானி இடப்பக்கம். இந்த வகை ஹெலியில வலப்பக்கம். வலப்பக்கம் இவர் இருந்திருந்தா விமானியின்ட மடியிலதான் இருந்திருக்கோணும்."

பெண் பொலிஸ் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"இடம் வலம் ஆருக்கும் மாறும்," என்றார் பாக்கியரத்தினம். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "மிஸ், இதென்ன விளையாட்டு?"

"மாறும்," என்று ஒத்துக்கொண்டாள் றம்லா. "அதாலதான் மூண்டாவது." அவள் குடையை அவரிடம் நீட்டினாள். "அக்கா பிடிச்ச மாதிரி விரிச்சுப் பிடியுங்க. அவ நிண்டது இருபது அடி. நீங்க நிக்கிறது ஐம்பது அடி. ஹெலி இந்தப் பக்கம் மூஞ்சியைக் காட்டித்தான் இறங்கும். முன்பக்கம்தான்."

அவர் குடையை வாங்கினார். வாங்காமல் இருக்க வழியில்லை.

அது வந்தது. குடாவின் தண்ணீருக்கு மேலே முதலில் ஒரு புள்ளி, பிறகு ஒரு துடிப்பு, பிறகு நெஞ்சுக்கூட்டுக்குள் அடிக்கிற சத்தம். கீழே தணியத் தணியக் குப்பை, சருகு, புழுதி எல்லாம் வட்டமாக எழும்பி நாலாபக்கமும் ஓடின. காற்று முன்னால் பின்னால் என்று பார்க்கவில்லை. வேலிக் கம்பி விசிலடித்தது. ஸஹாப்தீனின் தொப்பி பறந்து போனது. அவர் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தார். குடை ஒரு தரம் துள்ளியது. நீல முடிச்சு அறுந்தது. அடுத்த நொடி அது மேல்நோக்கிக் கவிழ்ந்து, துணி கிழிந்து, கம்பிகள் நண்டின் கால்போல் வானத்தைப் பார்த்து நின்றன.

பாக்கியரத்தினம் அதைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து, ஜீப்பின் சில்லோடு முட்டிக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் அடங்கியது. வலப்பக்கக் கதவைத் திறந்து விமானி இறங்கினான்.

"விமானம் முன்னுக்கு ஓடி இறக்கையில தங்குது," என்றாள் றம்லா. "அதின்ட காத்துப் பின்னுக்குப் போறது சரிதான். ஹெலி தங்குறது கீழ தள்ளுற காத்தில சேர். அந்தப் பாரத்தைத் தாங்குற காத்து நிலத்தில பட்டு எல்லாப் பக்கமும் ஓடும். இறங்கி முடிஞ்சாக் குறையும். ஆனா இவர் சொன்னது இறங்கேக்குள்ளயே அக்கா குடையோட நிண்டவ எண்டு. அந்த நைஞ்ச குடை, சித்திரையில கட்டின முடிச்சோட, இண்டைக்குக் காலம்பற முழுசாக் கமலாவின்ட மேசையில கிடந்தது. எங்களை நம்பவேண்டாம். முடிச்சை அவிழ்க்காமத்தான் உங்களுக்கு முன்னால கொண்டந்தனான்." அவள் பாக்கியரத்தினத்தைப் பார்த்தாள். "ஹெலி இறங்கிறதை இவர் கிட்ட நிண்டு ஒருநாளும் பாத்ததில்ல. ஏறினதும் இல்ல. விமானத்தை நினைச்சு ஹெலிக்கதை எழுதியிருக்கிறார். அக்காவை நேரில பாத்த மாதிரி இருக்கட்டும் எண்டு குடையையும் சேர்த்தார்."

"பெட்டி எங்க?" என்றார் ஸஹாப்தீன், தொப்பி இல்லாமல்.

பாக்கியரத்தினம் நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "என்ட ஜீப்பில இருந்தது. செவ்வாய் எடுத்துக்கொண்டு வரேக்குள்ள ஐஸ் வாங்கோணும் எண்டு நினைச்சனான். பிறகு... மறந்திட்டன். வியாழன் காலம்பற சீற்றுக்குக் கீழ கண்டனான். தொட்டா அடுப்பு. எல்லாம் பழுது. புதைச்சுப் போட்டன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றாள் கமலாதேவி. அவளால் நம்ப முடியவில்லை. துரோகம், காடு, கடத்தல் என்று இரண்டு நாளாகத் தலைக்குள் கட்டிய கோட்டையெல்லாம் ஐஸ் போடாத ஒரு பெட்டியில் வந்து நின்றது.

"சொன்னா வேலை போகும். ஒவ்வொரு முறையும் நான் கூடப் போறதாத்தான் மேலிடத்துக்கு எழுதிக் குடுக்கிறனான். நான் இந்தத் தளத்துக் கன்ரீனில இருந்திட்டு வருவன்." அவர் விரல் பித்தளைச் சிறகைத் தடவியது. "ரத்மலானையில நாலு மாசம். தனியா ஏத்தி விட்ட அண்டைக்குக் கை விறைச்சிட்டுது. அதுக்குப் பிறகு ஏறேல்ல. மருந்து வரேல்ல எண்டு இவ ஃபோன் எடுத்தா. குடுத்தாச்சு எண்டன். பழைய பத்திரங்களைப் பாத்து ரெண்டு கையெழுத்தையும் நானே போட்டன். பிறகு மேலிடம் கேட்டுது, பிறகு பொலிஸ் கேட்டுது. இவ்வளவு தூரம் போகும் எண்டு நான் நினைக்கேல்ல."

கமலாதேவி வாயைத் திறந்தாள். திட்டுவதற்குச் சொல் நிறைய இருந்தது. எதையும் எடுக்கப் பிடிக்கவில்லை. பயந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு, அதன்மேல் வேறு எதையோ உடுத்திக்கொண்டு திரிவது என்னவென்று அவளுக்குத் தெரியும். அவர் சிறகு குத்தியிருந்தார். அவள் கத்திக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவள் கத்தலுக்காக யாரும் மூன்று நாள் அறைக்குள் இருக்கவில்லை. மன்னிக்கவும் அவளால் முடியவில்லை.

"கடிதம் எழுதுங்க சேர்," என்றாள். "விடுதலை எண்டு. இஞ்சயே, இப்பவே. கொப்பி நான் தாறன்."

ஸஹாப்தீன் ஜீப்பின் முன்மூடியில் வைத்து எழுதினார். திங்கட்கிழமை வந்து ஒரு வாக்குமூலம் தரவேண்டும் என்று மட்டும் சேர்த்தார். குணேஸ்வரி அந்தக் கடிதத்தைப் பார்க்கவே இல்லை. பாக்கியரத்தினத்தின் முன்னால் போய் நின்றாள்.

"அஞ்சு பேர் ஊசிக்குக் காத்திருக்கினம். ஒரு மனுசிக்குக் காலில புண். இப்ப அந்த மருந்துக்கு என்ன வழி? அதைச் சொல்லும்."

பதிலைத் தொலைபேசியில் றம்லா தேடினாள். ஆசுபத்திரிக் களஞ்சியத்தில் இன்னொரு பெட்டி இருந்தது. ஸஹாப்தீனின் வாகனமே போய் எடுத்துவந்தது. வழியில் ஐஸும் வாங்கிப் போட்டார்கள். இருட்டமுன் ஒரு தடவை போய்வரலாம் என்றான் விமானி. கூட ஒருவர் வந்தால் பெட்டியைப் பிடித்துக்கொள்ளலாம்.

"நான் போறன்," என்றாள் குணேஸ்வரி. "பஸ்ஸில நாலு மணித்தியாலம். மருந்து தாங்காது."

நாலேமுக்காலுக்கு அவள் இடப்பக்க ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் பெட்டி. பெட்டிக்கு மேலே, வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும் கேளாமல், கம்பி பிதுங்கிய அந்தக் குடை. இந்தமுறை எல்லோரும் வேலியிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றார்கள். ஹெலிகொப்டர் நிலத்தை விட்டது. கண்ணாடிக்குப் பின்னால் குணேஸ்வரி இரண்டு கையையும் ஆட்டினாள். விமானி தலையை மட்டும் அசைத்தான். அவனுக்குக் கை மிச்சம் இல்லை.

ஐந்து மணி ஆனது. கொழும்புக்குப் போகவிருந்த வாகனம் தளத்து வாசலில் ஆளில்லாமல் நின்றது. கமலாதேவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு றம்லாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"தேத்தண்ணி குடிப்பமோ?" என்றாள் றம்லா.

கனகம்மா இன்னும் வானத்தைப் பார்த்தபடி நின்றாள். புள்ளி மறைந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்று முழுதும் அடக்கி வைத்திருந்த சலிப்போடு இருவரையும் திரும்பிப் பார்த்தாள்.

"நான் ஒரு குடையைக் குடுத்துவிடத்தான் வந்தனான் பிள்ளையள்," என்றாள். "அதை உடைச்சோ குடுத்து விடுறது?"